வீணாவின் ஐநூறு மணி நேரம்

கோந்தேரி, மத்தியப் பிரதேசம்
ஜனவரி 20, 2024

உமேஷ் அண்ணா,

நீ என் நம்பரை பிளாக் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஆஞ்சலா அண்ணியின் போனுக்குக் கூப்பிட்டேன். "பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. வேணாம்னு தலையாட்றாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதனால்தான் தபால். தபால்காரரை நீ பிளாக் செய்ய முடியாது.

உன் கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். வரவில்லை. அதுதான் சரியான வார்த்தை.

அம்மாவுக்கு நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அரசாங்க உதவித்தொகையில் படித்து பைலட் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அப்போது நான் பறந்திருந்தது இருநூற்றைந்து மணி நேரம். எந்த ஏர்லைனுக்கு எழுதினாலும், போய் இன்னும் பறந்துவிட்டு வா என்றார்கள். குறைந்தது ஐநூறு மணி நேரம் வேண்டுமாம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் பறந்து சேர்த்துவிடுவார்கள். எனக்கு இருந்த ஒரே வழி, பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பது. மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிற நேரமும் என்னுடைய நேரம்தான். ஆனால் கற்றுக்கொடுப்பதற்கும் ஒரு பரீட்சை உண்டு.

அந்தப் பரீட்சை டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது. பனிமூட்டம். ஓடுதளத்தின் இந்த முனையில் நின்றால் நடுப்பகுதிகூடத் தெரியவில்லை. பரீட்சை எடுக்கிறவர் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். ஜனவரி ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கு எனக்கு ரயில். பையைக் கட்டி வைத்திருந்தேன். ஐந்தாம் தேதி மாலை வானம் திறந்துவிட்டது. மறுநாள் காலையே பரீட்சை என்றார்கள். இதை விட்டால் மே மாதம்தான் என்றார்கள். ஆறாம் தேதி தொடங்கி, நடுவில் மறுபடி பனி இறங்கி, ஏழாம் தேதி சாயங்காலம்தான் முடிந்தது. அதற்கு மேல் எந்த வண்டி பிடித்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்கு அல்சூர் சர்ச் வாசலில் வந்து இறங்க முடியாது.

யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை அண்ணா. நான்தான் தேர்ந்தெடுத்தேன். பாஸ் ஆகிவிட்டேன். அதை ஒருவரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

வீணா


மர்பி டவுன், பெங்களூர்
பிப்ரவரி 3, 2024

வீணா,

ஆஞ்சலா தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பேனாவையும் பேப்பரையும் வைத்துவிட்டாள். "எழுதினாத்தான் சோறு" என்கிறாள். பசிக்கிறது. எழுதுகிறேன்.

பெரியப்பா வீட்டில் யாரும் வரவில்லை. அத்தை வீட்டில் யாரும் வரவில்லை. நம்ம வீட்டுப் பையன் சர்ச்சில் போய்க் கல்யாணம் செய்துகொள்வதா என்று. அவர்கள் வரமாட்டார்கள் என்று எனக்கு முன்னாடியே தெரியும். அவர்களுக்காக நான் நாற்காலி போடவில்லை. உனக்குப் போட்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கப் போவது யார் என்று ஃபாதர் ஒரு மாதம் முன்னாலேயே கேட்டார். "எங்க தங்கச்சி ஃபாதர். பைலட்டு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்கிறேன். "தங்கச்சி எங்கே?" என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் மேலே பார்த்தேன். அவர் என் தோளைத் தட்டி, கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். பெண் வீட்டார் பாதிப் பேர் நீ செத்துப்போய்விட்டாய் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாட்சிக் கையெழுத்து சின்னப்பா போட்டான், என்னோடு வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டுகிறவன். டியூட்டி நடுவில் காக்கிச் சட்டையோடு ஓடி வந்தான். கல்யாண ஆல்பத்தில் என் பக்கத்தில் நிற்பது அவன்தான். என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதுபோல இருக்கிறது.

நீ பாஸ் ஆனது நல்லது. அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சாப்பிடப் போகிறேன்.

உமேஷ்


கோந்தேரி
பிப்ரவரி 25, 2024

அண்ணா,

நீ மேலே பார்த்த இடத்தை வாசித்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு நாற்காலியைப் பற்றி எழுதியிருந்ததை மறுபடி வாசித்தேன். அன்றைக்குச் சாயங்கால வகுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நான் காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. இங்கே நடப்பதை எழுதுகிறேன். பிடித்தால் வாசி, இல்லாவிட்டால் அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டு.

இன்று வரை இருநூற்று அறுபது மணி நேரம். எனக்கு ஐந்து மாணவர்கள். அதில் மூத்தவர் டென்சில். நம்ம ஊர்க்காரர், ஃபிரேசர் டவுன். வயது முப்பத்தெட்டு. பதினைந்து வருஷம் பேங்கில் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டு இங்கே வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னை "மேம்" என்றுதான் கூப்பிடுவார். மேலே ஏறியதும் சந்தோஷமாக இருப்பார். இறங்கும்போது பயந்துவிடுவார். தரை கிட்ட வந்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டு, ஓட்டுகிற ஸ்டிக்கைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வார். விமானம் தவளை மாதிரி எகிறும். நான் பக்கத்திலிருந்து வாங்கிச் சமாளித்து இறக்குவேன். இறங்கியதும், "மேம், இந்தத் தடவை கொஞ்சம் பரவால்ல இல்ல?" என்பார். இருபது நாளாக இதுதான் நடக்கிறது.

கல்யாணத்தில் என்ன சாப்பாடு? அண்ணி என்ன கலர் புடவை? நான் கேட்கக்கூடாதுதான். கேட்கிறேன்.

வீணா


மர்பி டவுன்
ஏப்ரல் 15, 2024

வீணா,

சாப்பாடு மட்டன் பிரியாணி, கத்தரிக்காய் கொத்சு. ஆஞ்சலா வெள்ளை கவுன். சாயங்காலம் அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை. போதுமா?

நேற்று அம்பேத்கர் ஜெயந்தி. மர்பி டவுன் முழுக்க நீலக் கொடி. நம்ம சந்து முனையில் மோர்ப் பந்தல். அம்மாவும் ஆஞ்சலாவும்தான் ஊற்றினார்கள், இரண்டு பேரும் நீலப் புடவையில். வெயிலில் ஊர்வலம் வந்து நின்றதும் பெரியப்பா கூட்டத்தோடு கூட்டமாக வந்து கையை நீட்டிவிட்டார். நிமிர்ந்து பார்த்த பிறகுதான் ஊற்றுவது யார் என்று அவருக்குத் தெரிந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுப்பாரோ என்று பார்த்தேன். குடித்தார். இன்னொன்று வாங்கிக் குடித்தார். "மோர் நல்லாருக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார். ஆஞ்சலா ராத்திரி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், ஏதோ மெடல் வாங்கியதுபோல.

நீ மணி நேரத்தை எண்ணி எண்ணி எழுதுகிறாய். ஆஞ்சலா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அங்கிருந்து கால்குலேட்டரை எடுத்து வந்து என் மணி நேரத்தையும் போட்டாள். மர்பி டவுனிலிருந்து வைட்ஃபீல்டுக்கும் அங்கிருந்து திரும்பியும், தினம் ஏழு மணி நேரம், பதினோரு வருஷம். இருபத்திரண்டாயிரம் மணி நேரம் வருகிறது. அதில் பாதி டின் ஃபேக்டரி ஜங்ஷன் நெரிசலில் நின்றது. நகராமல் நிற்பதற்கு லைசென்ஸ் கொடுத்தால் இந்தியாவிலேயே நான்தான் சீனியர். ஒரு கம்பெனியும் இதுவரை என்னைக் கூப்பிட்டு கேப்டன் ஆக்கவில்லை.

டென்சிலிடம் சொல்: கண்ணை மூடாமல் தூரத்தைப் பார்க்கச் சொல். புதிதாக வண்டி ஓட்டுகிறவன் பானெட்டையே பார்ப்பான். அங்கே பார்த்தால் கை நடுங்கும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

உமேஷ்


கோந்தேரி
மே 19, 2024

அண்ணா, அம்மா, அண்ணி,

டென்சில் தனியாகப் பறந்துவிட்டார்!

நேற்றுக் காலை ஆறரை மணி. காற்றே இல்லை. என்னோடு மூன்று சுற்று வந்தார், மூன்றும் பஞ்சு மாதிரி இறக்கினார். நான் கதவைத் திறந்து கீழே இறங்கி, "இப்ப நீங்க மட்டும் போங்க" என்றேன். "மேம், வெளையாடாதீங்க மேம்" என்றார். கதவைச் சாத்திவிட்டு நடந்து வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் முகம் மாறிவிடும் என்று பார்க்கவில்லை.

அண்ணா, எனக்கே தெரியாத ஒன்று நேற்றுத் தெரிந்தது. மேலே பறப்பது சுலபம். கீழே நிற்பதுதான் கஷ்டம். ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சுற்று பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நம்ம அம்மா இத்தனை வருஷம் எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்தேன். சர்ச் வாசலை நீ எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருப்பாய் என்றும் நினைத்தேன்.

இறக்கிவிட்டார். கொஞ்சம் எகிறியது, ஆனால் இறக்கிவிட்டார். இங்கே ஒரு வழக்கம்: முதல் தடவை தனியாகப் பறந்து வந்தவர் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். முப்பத்தெட்டு வயது ஆள் நனைந்துபோய் நின்று, தன் மனைவிக்குப் போன் போட்டு, பேச முடியாமல் அழுதார். "நீங்க சொன்ன மாதிரி தூரத்த பாத்தேன் மேம்" என்றார். அது எங்க அண்ணன் சொன்னது என்று சொன்னேன். "அவரும் இன்ஸ்ட்ரக்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அவர் தனியாகப் பறந்த அந்தப் பன்னிரண்டு நிமிடம் என் லாக்புக்கில் ஏறாது. நான் விமானத்தில் இல்லையே. இதுவரை முந்நூற்று எழுபத்தைந்து மணி நேரம் ஆகிறது. அதில் எதையும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குச் சமமாகச் சொல்ல மாட்டேன்.

வீணா


மர்பி டவுன்
ஜூன் 9, 2024

இன்ஸ்ட்ரக்டர் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். சின்னப்பா ஒரு தடவை. என் வண்டியில் வருகிற ஐ.டி. பெண்கள் இரண்டு பேருக்கு மாரத்தஹள்ளி நெரிசலில் நானே ஒரு தடவை வாசித்துக் காட்டினேன்.

ஆஞ்சலா மாசமாக இருக்கிறாள். நவம்பர் என்கிறார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் ராகி முத்தே, ஒருநாள் முருங்கைக்கீரை. ஆஞ்சலா, "அத்தே, ஒரே ஒரு நாள் எனக்கு மசால் தோசை வாங்கிக் குடுங்க" என்று கெஞ்சுகிறாள்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கூப்பிடாதே. போனில் நம்ம இரண்டு பேருக்கும் கத்தத்தான் தெரியும். கடிதம் என்றால் அம்மாவும் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

உமேஷ்


கோந்தேரி
ஜூலை 28, 2024

அண்ணா,

அண்ணி விஷயம் கேட்டதிலிருந்து ஹாஸ்டலில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டேன். நான் அத்தையாகப் போகிறேன்.

மற்றபடி நல்ல செய்தி இல்லை. இருபத்தேழு நாளாக மழை. தினம் காலை ஐந்து மணிக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய் உட்காருகிறோம். மேகம் தலைமேல் இடிக்கிற உயரத்தில் நிற்கிறது. மதியம் ஒரு மணிக்கு, இன்று இல்லை என்று எழுதிப் போடுகிறார்கள். நானூற்று நான்கில் நிற்கிறேன். நகரவில்லை. புதிதாக ஒரு ஏர்லைன் விளம்பரம் கொடுத்திருக்கிறது, சிறிய ஊர்களுக்குப் போகிற விமானங்களுக்கு ஆள் வேண்டுமாம். ஐநூறு மணி நேரம், அக்டோபர் கடைசிக்குள். என் கூட இருந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

எனக்கும் அலுத்துவிட்டது. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஆபரேஷன்ஸ் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். விமானத்தோடு சம்பந்தம் இல்லாத வேலைதான். ஆனால் வீட்டில் இருக்கலாம், குழந்தையைப் பார்க்கலாம். காலையில் உன் வண்டியிலேயே ஆபீஸுக்கு வந்துவிடலாம். என்ன சொல்கிறாய்?

வீணா


மர்பி டவுன்
ஆகஸ்ட் 3, 2024

என் வண்டியில் சீட் இல்லை.

உமேஷ்


கோந்தேரி
ஆகஸ்ட் 18, 2024

அண்ணா,

நீ வண்டியேறிப் போய் ஒரு நாள்தான் ஆகிறது. பள்ளிக்கூடமே வெறிச்சென்று இருக்கிறது.

உன் ஒற்றை வரிக் கடிதத்தைப் பார்த்துக் கோபமாக இருந்தேன். நான்கு நாள் கழித்து கேட்டில் வாட்ச்மேன் வந்து, "மேடம், உங்க அண்ணன்னு ஒருத்தர் நனைஞ்சிட்டு நிக்கிறாரு" என்று இந்தியில் சொன்னதும் நம்பவே இல்லை. பத்து நாள் லீவு எப்படி வாங்கினாய் என்று கேட்டேன். "சின்னப்பா பாத்துக்குவான்" என்றாய். அண்ணியைக் கேட்டேன். "அவதான் அனுப்புனா" என்றாய்.

நான் பறப்பதைப் பார்க்க நீ வந்தாய். பறக்கவே இல்லை. நான் ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் நீயும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாய். ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு, மதியம் வரைக்கும். மூன்றாவது நாள் சொன்னாய்: "நீ எப்பவும் மேலதான் இருக்கேன்னு நெனச்சேன் வீணா. இது டின் ஃபேக்டரி சிக்னல் மாதிரிதான் இருக்குது." எனக்கு அது போதும் என்று இருந்தது.

பள்ளி வேனின் கிளட்ச்சை நீ சரிசெய்தது இங்கே பெரிய கதை ஆகிவிட்டது. மாணவர்கள் எல்லாம் "உமேஷ் பையா எப்ப வருவாரு" என்கிறார்கள்.

அந்த வீடியோ! பென் டிரைவில் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து, வகுப்பறைத் திரையில் போட்டு, பதினான்கு மாணவர்களோடு என்னையும் உட்காரவைத்து மூன்று மணி நேரம் காட்டினாய். ஆளுக்கொரு லட்டு வேறு. "இப்ப நீயும் கல்யாணத்துக்கு வந்துட்ட" என்றாய். நீ மேலே பார்க்கிற இடம் வந்ததும் பையன்கள் எல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். நான் இருட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ எடுக்கவில்லை.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மழை விட்டது. நாற்பது நிமிடம்தான். டென்சிலைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். இறங்கி வந்தபோது நீ கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எவ்ளோ?" என்று கத்தினாய். "நாப்பது நிமிஷம்!" என்றேன். விசில் அடித்தாய்.

வைட்ஃபீல்டு கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

வீணா


மர்பி டவுன்
நவம்பர் 20, 2024

வீணா,

நேற்றுப் போனில் கத்திவிட்டு வைத்துவிட்டேன். நான் மறுபடி பிளாக் செய்துவிட்டேன் என்று நீ பயந்து ஆஞ்சலாவுக்கு மெசேஜ் போட்டாயாம். இல்லை. வாயால் சொன்னால் எனக்குச் சரியாக வரவில்லை. எழுதினால் சரியாக வரும்.

நீ சொன்னது: ஐநூறு முடிந்தது, ஏர்லைன் டிசம்பர் 2 டெல்லிக்குக் கூப்பிட்டிருக்கிறது. முந்தின நாள் டிசம்பர் 1 குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாள். "ஒரு தடவ வராம போயிட்டேன். இந்தத் தடவ நான் தேதிய மாத்திக் கேக்குறேன், குடுக்கலன்னா விட்டுர்றேன்" என்று சொன்னாய். அங்கேதான் கத்தினேன். கோபத்தில் இல்லை. நான் இருபத்தேழு நாள் மழையைப் பற்றிக் கடிதத்தில் வாசித்தேன், ஒரு வாரம் கண்ணால் பார்த்தேன். அதை எல்லாம் எங்கள் பேரைச் சொல்லி நீ தூக்கிப் போடுவாயா?

போனை வைத்துவிட்டு நேராக சர்ச்சுக்குப் போனேன்.

"ஃபாதர், ஞானஸ்நானத்த ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாமா? எங்க தங்கச்சிக்கு பரீட்சை."

"எந்தத் தங்கச்சி?"

"பைலட்டு."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "உயிரோடதான் இருக்காங்களா? நான் பத்து மாசமா அவங்க ஆன்மாவுக்கு வேண்டிட்டிருக்கேனே!"

நடந்ததைச் சொன்னேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வேண்டியது வீணாகாது, பரீட்சைக்கு வைத்துக்கொள்ளச் சொல் என்றார். டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் அம்மா குழந்தையை மடியில் வைத்துப் பெயர் சொல்வாள். ஐரின். அம்மா வாயில் "ஐரீனு" என்று வருகிறது. பெரியப்பா குடும்பத்தோடு வருகிறேன் என்று அவராகவே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தைக்குப் பதினேழு நாள் ஆகிறது. அதற்குத் தேதி தெரியாது. நீ டெல்லிக்குப் போ. அதற்கு முன்னால் இந்தப் பக்கம் வந்தால் சந்து முனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவேன்.

உமேஷ்


கோந்தேரி
டிசம்பர் 22, 2024

அண்ணா,

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏர்லைனிலிருந்து கடிதம் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள்! ஜனவரி முதல் ஹைதராபாத்தில் மூன்று மாதப் பயிற்சி, பிறகு பெங்களூரிலிருந்துதான் பறக்க வேண்டும். போனில் சொன்னபோது அம்மா "ஆங்?" "ஆங்?" என்று நான்கு தடவை கேட்டாளே, காது கேட்காமல் இல்லை, மறுபடி மறுபடி கேட்பதற்காகத்தான் என்று எனக்கு இப்போது புரிகிறது. அதனால் எழுத்திலும் எழுதுகிறேன். அம்மா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

டென்சிலுக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது. பயிற்றுநர் பரீட்சையும் எழுதி இங்கேயே சேரப்போகிறார். என் நாற்காலி அவருக்கு.

ஐரின் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளே, அந்தப் போட்டோவை அனுப்பு. பெரியப்பா அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதையும் அனுப்பு.

வீணா


மர்பி டவுன்
மார்ச் 9, 2025

வீணா,

போட்டோக்கள் இதோடு இருக்கின்றன. ஐரின் குப்புற விழுகிறாள்.

ஒரு விஷயம். வைட்ஃபீல்டு வேலையை விட்டுவிட்டேன். பதறாதே, வேறு வேலையில் சேர்ந்த பிறகுதான் விட்டேன். ஏர்லைன் ஆட்களை வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போகிற வண்டிக் கம்பெனி. உங்கள் ஆட்களையும்தான். இன்டர்வியூவில் ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். "பதினோரு வருஷம் டின் ஃபேக்டரி பாத்தாச்சு சார்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். கதவைத் திறந்துவிட வேண்டும், சார் மேடம் என்று சொல்ல வேண்டும், சொந்தக் கதை பேசக்கூடாது. என்றைக்காவது நீ என் வண்டியில் ஏறினால் நான் உன்னை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். சிரித்தால் இறக்கிவிட்டுவிடுவேன்.

உமேஷ்


மர்பி டவுன்
ஏப்ரல் 24, 2025

அண்ணா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நீ இன்னும் டியூட்டியில் இருக்கிறாய். ஐரின் என் மடியில் தூங்கிவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. இன்றைக்கு நடந்ததை அம்மாவுக்கு நீயே உன் வாயால் வாசித்துக் காட்ட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் சொன்னால் நீ இல்லை என்று சாதிப்பாய்.

காலை பதினொன்று நாற்பதுக்கு வண்டி வந்தது. பின்சீட்டில் கேப்டன் அலெக்சாண்டர், காக்ஸ் டவுனில் ஏறியிருந்தார். சந்தே வேடிக்கை பார்க்க, நீ இறங்கி வந்து கதவைத் திறந்து, "குட் மார்னிங் மேடம்" என்றாய். முகத்தில் ஒரு அசைவு இல்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மாவைப் பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று பார்க்காமலே ஏறினேன்.

ஜெயமஹால் தாண்டினோம். கேப்டன்தான் ஆரம்பித்தார். முதல் நாளா, எந்த ஊரில் பறந்தாய், எத்தனை மணி நேரம் என்று கேட்டார். சொன்னேன். "வீட்டில யாராவது ஏவியேஷன்ல இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். கண்ணாடியில் உன் கண் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இருக்காங்க சார். வண்டி ஓட்டுறாரே, இவர் எங்க அண்ணன்" என்றேன்.

கேப்டன் முன்னால் சாய்ந்து உன் தோளைத் தட்டி, "என்னங்க உமேஷ், முன்னாடியே சொல்லக்கூடாதா!" என்றார். உன் காது இரண்டும் சிவந்துவிட்டன. "ரூல்ஸ் சார்" என்றாய். பதினோரு வருஷம் இந்த ஊரில் ஒரு திருப்பத்தைத் தவறவிடாத என் அண்ணன், ஹெப்பாளில் மேம்பாலம் ஏறாமல் கீழே சர்வீஸ் ரோட்டில் போய்விட்டான்.

"ஐயோ சார், சாரி சார், சாரி மேடம்" என்று நீ பதறினாய். கேப்டன் வாட்சைப் பார்த்தார். நிறைய நேரம் இருந்தது. "எங்க வேலைல இதுக்கு கோ-அரவுண்டுன்னு பேரு. ஒழுங்கா எறங்க முடியலன்னா சுத்திட்டு வந்து மறுபடி எறங்கறது. இதுக்கெல்லாம் யாரும் சாரி சொல்ல மாட்டாங்க. சுத்துங்க, சுத்துங்க" என்றார். நீ சுற்றினாய். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே மேம்பாலம் ஏறினோம்.

ஹுப்பள்ளிக்கு விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. அறுபத்தெட்டுப் பயணிகள். கேப்டன் "உன்னுடையது" என்று சொன்னதும் கட்டுப்பாட்டை வாங்கினேன். கீழே ஏர்போர்ட் ரோடு நூல் மாதிரி தெரிந்தது. அதில் வெள்ளைப் புள்ளியாக நிறைய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. உன்னுடையது எது என்று தெரியவில்லை. ஆனால் நீ ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நாளைய லிஸ்ட் பார்த்தேன். எனக்கு டிரைவர் என்று வேறு யாரோ பெயர் போட்டிருக்கிறார்கள். போய் மாற்றிக்கொண்டு வா.

வீணா